இடது மூலையில் நெல்

முப்பத்து மூன்று வயதில் என்னை இடம் மாற்றினார்கள். வேலையில் அல்ல. தஞ்சாவூரில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் இன்றைக்கும் அதே நாற்காலி, அதே ஜன்னல்தான். மாற்றியது பேஸ்கட்பால் கோர்ட்டில்.

பள்ளிக்கூடத்திலிருந்தே நான் ஃபார்வர்ட். ரிங்குக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, பந்து வந்தால் போட வேண்டும், வராவிட்டால் பிடுங்கிப் போட வேண்டும். உயரமான ஆள் அன்றைக்கு வரவில்லையென்றால் ரிங்குக்கு அடியில் போய் நிற்பேன். தூரத்திலிருந்து எறிகிறவளுக்குக் காய்ச்சலென்றால் அவள் இடத்திலும் நான்தான். எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன், பந்தை அடுத்தவருக்குக் கொடுக்கிற வேலையைத் தவிர. அதைச் செய்ய எங்கள் டீமில் வேறு ஆள் இருந்தாள்.

எங்கள் ஊர் பூதலூருக்குப் பக்கம். மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தளம், அதுதான் கோர்ட். என் அம்மா காலத்தில் இருந்த பங்குச் சாமியார் ஒருவர் பெண் பிள்ளைகள் விளையாட வேண்டும் என்று பிடிவாதமாகப் போட்டுக் கொடுத்தது. அதில் ஆடி வளர்ந்தவர்கள்தான் எங்கள் டீம். கல்யாணமாகியும் விடாமல் ஆடினோம். நான் உள்ளூரிலேயே, அடுத்த தெருவில் வாக்கப்பட்டவள். கோர்ட்டை விட்டுப் போக மனமில்லாமல்தான் தன்னைக் கட்டிக்கொண்டேன் என்று என் கணவர் இன்றும் சொல்லிக் காட்டுவார். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

போன வருஷம் டீம் கலைந்தது. பந்து கொண்டுவருகிறவள் நர்ஸ் வேலைக்குத் துபாய் போனாள், இன்னொருத்தி கணவரோடு திருப்பூர் போனாள். மிஞ்சியது மூன்று பேர். மூன்று பேரை வைத்துக்கொண்டு சீட்டுக்கூட ஒழுங்காக ஆட முடியாது. அதே சமயம் தஞ்சாவூரில் ஒரு பெண்கள் டீமுக்கும் ஆள் குறைந்திருந்தது. சேர்ந்து ஆடலாமா என்று அவர்கள் கேப்டன் போனில் கேட்டாள். என்னைவிடச் சின்னவள். ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். டீமுக்குக் கேப்டனும் அவள்தான், கோச்சும் அவள்தான். நாங்கள் மூன்று பேரும் சரி என்று போனோம்.

போன பிறகுதான் தெரிந்தது, அங்கே ஃபார்வர்டுக்குப் பஞ்சமே இல்லை. கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிற ஒரு பெண் இருந்தாள். நெடுநெடுவென்று உயரம். இடது மூலையில் நின்று எறிந்தால் பந்து ரிங்கில் படாமல் வலைக்குள் இறங்கும். அவளைப் பார்த்தபோது பொறாமையைவிட மரியாதைதான் வந்தது. பொறாமை வீட்டுக்குப் போன பிறகு வந்தது.

கேப்டன் என்னை ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அக்கா, நீங்க பாயிண்ட் கார்ட் ஆடுங்க. பந்தை நீங்க கொண்டு வாங்க. யாருக்குக் குடுக்கணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். உங்களுக்கு எல்லா இடமும் தெரியும்ல?"

புகழ்ச்சி மாதிரிதான் இருந்தது. எனக்கு அப்படிக் கேட்கவில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவளை எழுப்பி, கையில் சாம்பார் வாளியைக் கொடுத்தது போலிருந்தது. அந்த இடத்துக்கு இன்னொரு பெண்ணும் காத்திருந்தாள். கை வேகமானவள், ஆனால் பந்தை அடிக்கடி தொலைப்பாள். பங்குனியில் பாபநாசத்தில் ஒரு போட்டி இருந்தது. அதில் என்னை ஆடவைத்துப் பார்த்துவிட்டு, இந்த இடம் எனக்கா அவளுக்கா என்று முடிவு செய்வதாகக் கேப்டன் நேராகவே சொன்னாள். மறைத்துப் பேசாத பெண் அவள்.

அன்று ரயிலில் திரும்பும்போதே நானும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அந்த இடம் கிடைக்காவிட்டால் விளையாட்டை விட்டுவிடுவது. பெஞ்சில் உட்காருவதற்காக வேலை முடிந்து கிரவுண்டுக்குப் போய், பாசஞ்சர் பிடித்து வீடு வந்து, அதுவரை என் கணவர் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? ஆடினால் அவ்வளவுக்கும் அர்த்தம் உண்டு. உட்கார்ந்திருந்தால் இல்லை. அவரிடமும் சொன்னேன்.

"சரி," என்றார். "அப்ப ஆடிடு."

அவரிடம் எதைச் சொன்னாலும் இப்படி இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பேசித் தீர்த்துவிட்டு வருகிற வாத்தியார் அவர்.

மார்கழி முழுக்கப் பயிற்சி. பந்தை வாங்கி, தட்டிக்கொண்டே கோர்ட்டைக் கடந்து, ரிங்குக்கு முன்னால் நின்று பார்த்து, காலியாக இருக்கிறவளுக்குக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. செய்தேன். நன்றாகவே செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேப்டன் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு ஏதோ யோசனையாகவே இருந்தாள்.

பொங்கல் கழிந்து ஒருநாள் அந்த நெட்டைப் பெண் ஆட்டத்தின் நடுவே பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முகம் சிவந்திருந்தது.

"அக்கா, ஒண்ணு கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க ஊர்க்காரங்களுக்கு மட்டும்தான் பாஸ் போடுவீங்களா?"

"என்ன பேசுற நீ?"

"நான் இடது பக்கம் நிக்கிறேன். காலியா நிக்கிறேன். கையைத் தூக்கிட்டு நிக்கிறேன். எனக்கு ஒரு பந்து வரல. உங்க ஊர் அக்கா ரெண்டு பேரும் வலது பக்கம் நிக்கிறாங்க. எல்லாப் பந்தும் அங்கதான் போகுது."

எனக்குக் கோபம் வருவதற்கு நேரமே ஆகாது. எங்கள் ஊரில் ஆள் பார்த்துப் பழகுகிற வழக்கம் கிடையாது என்றேன். பந்து வேண்டுமென்றால் வருகிற இடத்தில் வந்து நில் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு தண்ணீர்கூடக் குடிக்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தேன். என் ஊர்த் தோழிகள் இருவரும் பின்னாலேயே ஓடிவந்தார்கள். மூன்று பேரும் பூதலூர் வரைக்கும் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே வந்தோம், ஆசை தீர.

வீட்டில் கணவரிடம் கொட்டினேன். அவர் பிள்ளைக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு சொல்றதுல கொஞ்சம் உண்மை இருந்தா?" என்றார்.

நான் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனேன். இதற்கு அவர் வழக்கம்போலச் சரி என்றே சொல்லியிருக்கலாம்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் கிரவுண்டில் ஏதோ விழாவுக்குப் பந்தல் போட்டுவிட்டார்கள். பயிற்சி இல்லையென்றால் கேப்டன் தவித்துவிடுவாள். எங்கள் ஊருக்கு வாருங்கள், கோர்ட் இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடாமல் இருக்க முடியுமா? பூசை முடிந்த கையோடு மீன் குழம்பு வைத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன்.

சம்பா அறுவடை நேரம். கோர்ட்டின் இடது மூலையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது.

இது எங்களுக்கு ஒரு செய்தியே அல்ல. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுகிற ஓர் அத்தை இருக்கிறார். உறவு இல்லை, ஊர் முறைக்கு அத்தை. அவருடைய நெல் அந்த மூலையில்தான் காயும். வலது பக்கத்தில் கோயில் கோபுரத்தின் நிழல், பிறகு தூங்குமூஞ்சி மரத்தின் நிழல். நாள் முழுக்க வெயில் விழுவது இடது மூலையில் மட்டும். குறுவை, சம்பா, தாளடி, அதற்குப் பிறகு உளுந்து என்று வருஷத்தில் பாதி நாள் அங்கே ஏதாவது காயும். எதிர்ப்பக்க ரிங் ஒரு புயலில் விழுந்தது, யாரும் திரும்ப நடவில்லை. இருந்த ஒரே ரிங்கில், நெல்லுக்குப் போக மிஞ்சிய இடத்தில் ஆடினோம்.

ஒரே ஒரு சட்டம் இருந்தது. யார் எறிந்த பந்து நெல்லுக்குள் விழுகிறதோ, அவர் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய் எடுக்க வேண்டும். போனதற்கு, விரித்திருக்கும் நெல் முழுவதையும் ஒருமுறை காலால் துழாவிவிட்டுத்தான் வெளியே வரலாம். அடியில் கிடக்கிற ஈர நெல் மேலே வர வேண்டுமே. அத்தைக்கு வேலை மிச்சம், எங்களுக்கு உள்ளங்கால் கொப்புளம். சிமெண்டுச் சூடு அப்படி.

தஞ்சாவூர்ப் பெண்கள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஆட்டம் ஆரம்பித்தது. நெட்டைப் பெண் வழக்கம்போல இடது மூலைக்கு ஓடினாள். ஓடிய வேகத்தில் ஷூ காலோடு நெல்லில் கால் வைத்தாள்.

"ஷூ!" என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

அவள் பாம்பை மிதித்தவள்போலத் துள்ளி வெளியே வந்தாள். என் தோழி ஒருத்தி குனிந்து, அவள் மிதித்த இடத்தில் நெல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மிதித்தவளுக்காக இவள். அந்தப் பெண்ணுக்கு முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது.

மறுபடி ஆரம்பித்தோம். பந்தை நான் கொண்டுவந்தேன். ரிங்குக்கு முன்னால் நின்றேன். வலது பக்கம் கொடுத்தேன். திரும்ப வாங்கினேன். மறுபடி வலது பக்கம். கேப்டன் விசில் ஊதினாள்.

அவள் நெல்லைப் பார்த்தாள். ரிங்கைப் பார்த்தாள். எங்கள் மூன்று பேர் காலையும் பார்த்தாள்.

"அக்கா, எவ்ளோ வருஷமா இங்க நெல்லு காயுது?"

"நாங்க பொறக்கறதுக்கு முன்னாடியிலேருந்து. ஏன்?"

"இந்தப் பக்கம் நீங்க பந்து போட்டதே இல்லையா?"

யோசித்துப் பார்க்கிறேன், இடது பக்கம் கடைசியாக எப்போது பாஸ் போட்டேன் என்று. நினைவில் ஒன்றுமில்லை. இடது பக்கமாக ஓடிய நினைவும் இல்லை. ஆட்டத்தில் எல்லாம் வலது பக்கம்தான் தெரியும். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே என் கண்ணுக்குப் படுவதில்லை. என் தோழிகளும் அப்படியே. துபாய் போனவளும் வலது பக்கம்தான் கொடுப்பாள். நாங்கள் எல்லோரும் வலது பக்கம் போவோம், எறிவோம், ஜெயிப்போம் அல்லது தோற்போம். எந்த ஊர்க் கோர்ட்டிலும், எந்தக் காலத்திலும், எங்களுக்கு இடது மூலையில் நெல் காய்ந்துகொண்டேயிருந்திருக்கிறது.

நெட்டைப் பெண் மெதுவாகக் கேட்டாள். "அப்ப இவ்வளவு நாளா நான் நெல்லுலயா நின்னுட்டு இருந்தேன்?"

முதலில் கேப்டன்தான் சிரித்தாள். பிறகு எல்லோரும். நான் சிரித்துக்கொண்டே அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தேன். மன்னிப்பெல்லாம் எனக்குக் கேட்க வராது. மீன் குழம்பில் நடுத்துண்டை அவள் தட்டில் வைத்தேன். அவளுக்குப் புரிந்தது.

நெல்லை வேறு இடத்துக்கு மாற்ற முடியுமா என்று சாப்பிட்ட பிறகு கேப்டன் அத்தையிடம் போய்க் கேட்டாள். கேட்காதே என்று நான் சொல்லியிருந்தேன்.

"நெழல்ல காய வச்சா ஈரம் நிக்கும்," என்றார் அத்தை. "ஈரம் இருந்தா கொள்முதல்ல திருப்பி அனுப்பிடுவாங்க. நீங்க வெளையாடுறதுக்கு நான் வயித்துல ஈரத்துணி கட்டிக்கவா?"

கேப்டன் திரும்பி வந்துவிட்டாள். அத்தை சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் எனக்கு என்ன நோய் என்று தெரிந்துவிட்டதே தவிர, மருந்து இல்லை. தஞ்சாவூரில் இடது பக்கம் பார் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்த்தால் பந்து தாமதமாகப் போனது, தாமதமான பந்தை எதிரி பிடுங்கினாள். அந்தக் கை வேகமான பெண் இப்போதெல்லாம் பந்தை அவ்வளவாகத் தொலைப்பதில்லை என்பதையும் கவனித்தேன். போட்டிக்கு நாள் நெருங்கியது. பயமாக இருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஒருநாள் சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகிற வழியில் கோர்ட் பக்கம் பார்த்தேன். அத்தை அன்றைக்கு அறுத்து வந்த நெல்லை விரித்துக்கொண்டிருந்தார். இந்த முறை நடுவில் ஓர் இடம் விட்டிருந்தார். ரிங்கின் இடது மூலையில், ஓர் ஆள் இரண்டு காலையும் வைத்து நிற்கிற அளவுக்கு வட்டமாக வெறும் சிமெண்டு. சுற்றிலும் நெல். அந்த வட்டத்துக்குப் போக ஒற்றையடிப் பாதை ஒன்றும் இருந்தது.

"என்னத்தை இது?"

"அந்த நெட்டச்சி நிக்கிறதுக்கு." என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நெல்லைத் தள்ளுகிற பலகை நிற்கவுமில்லை. "இதுக்கு மேல ஒரு சாண் எடம் தரமாட்டேன், சொல்லிட்டேன். பந்து நெல்லுல விழுந்துச்சுன்னா தொழாவிட்டுதான் போவணும். வழக்கம் வழக்கம்தான்."

அத்தைக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். அவர் என்ன நினைத்துச் செய்தார் என்று எனக்குத் தெரியாது, கேட்டாலும் சொல்லமாட்டார். வெயில் விழுகிற இடம் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு வட்டத்தை எனக்காக விட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் நின்று கொஞ்சம் அழுதேன். கணவர் வந்து பார்த்துவிட்டு, பிள்ளையை வெளியே தூக்கிக்கொண்டு போனார். அவருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்த வாரக் கடைசியிலிருந்து நெட்டைப் பெண் விடுமுறை நாளெல்லாம் எங்கள் ஊருக்கு வந்தாள். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் போய், வட்டத்துக்குள் நின்று திரும்ப மாட்டிக்கொள்வாள். நான் ரிங்குக்கு முன்னாலிருந்து பாஸ் போடுவேன். கொஞ்சம் முன்னே போனால் நெல். கொஞ்சம் பின்னே போனாலும் நெல். அவள் கைக்கு நேராகப் போனால் மட்டும் தப்பித்தேன். முதல் நாள் நான் பாஸ் போட்டதைவிடத் துழாவியதுதான் அதிகம். அத்தை மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி, "அந்த ஓரமும் தொழாவு, அங்கதான் ஈரமா இருக்கு," என்று வேலை வாங்கினார். அந்த மாசியில் அவர் நெல் மாதிரி ஊரில் யார் நெல்லும் காயவில்லை.

மெல்ல மெல்லத் துழாவுவது குறைந்தது. ஒருநாள் அத்தையே எழுந்து வந்து, "என்னடி, இன்னைக்கு ஒண்ணும் விழல? நானே தொழாவிக்கணுமா?" என்று சடைத்துக்கொண்டார்.

பாபநாசம் போட்டிக்கு என் கணவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தவக்காலம், அதனால் வெறும் எலுமிச்சைச் சோறு கட்டியிருந்தார். ஆட்டம் தொடங்கியதும் வழக்கம்போல என் கால் வலது பக்கம் இழுத்தது. எதிர் டீம் கெட்டிக்காரர்கள். சீக்கிரமே கண்டுகொண்டு என் வலது பக்கத்தை அடைத்து நின்றார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு நின்றேன். அப்போது இடது மூலையில், சுற்றிலும் நெல்லும் நடுவில் ஒரு வட்டமும் என் மனசுக்குள் தெரிந்தது. வட்டத்துக்குள் நெட்டைப் பெண். பார்த்துவிட்டுப் போடவில்லை. போட்ட பிறகுதான் பார்த்தேன். பந்து அவள் கைக்கு நேராகப் போயிருந்தது. வலை அசைந்தது.

அதன்பிறகு அந்த மூலைக்குத்தான் பந்து போனது, போய்க்கொண்டேயிருந்தது. நான் ஒரு பந்துகூட ரிங்கில் போடவில்லை. இத்தனை வருஷத்தில் அப்படி ஓர் ஆட்டம் நான் ஆடியதில்லை. அது எனக்கு உறைத்ததுகூட முடிந்த பிறகுதான்.

தோற்றோம். ரொம்பக் கொஞ்சத்தில். அவர்கள் எங்களைவிட நன்றாக ஆடினார்கள், அதில் வருத்தமில்லை. எனக்கு வேறு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. கேப்டன் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே, ஏதோ ஞாபகம் வந்தவள்போல, "அக்கா, அடுத்த மேட்சுக்கும் நீங்கதான் பந்து கொண்டு வர்றீங்க," என்றாள். அந்தக் கை வேகமான பெண் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "எனக்கும் அந்த இடது பாஸ் கத்துக்குடுங்கக்கா," என்றாள். சொல்லிவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாள்.

மறுநாள் காலையில் கோர்ட்டுக்குப் போனேன். தாளடி நெல்லும் காய்ந்து முடிந்திருந்தது. மூலை காலியாகக் கிடந்தது. அத்தை கோணி ஊசியால் கடைசி மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, ஜெயிச்சீங்களா?"

"தோத்துட்டோம் அத்தை."

"தோத்துட்டு வந்தா பல்லைக் காட்டிக்கிட்டு வர்ற?"

"என்னை வச்சுக்கிட்டாங்க அத்தை. அதே எடத்துலயே ஆடச் சொல்லிட்டாங்க."

அத்தை நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மூட்டையை ஒரு தட்டுத் தட்டினார். வெயில் விழுந்துகொண்டிருந்த அந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப குறுவைக்கும் எடம் விடணும்ங்கிற," என்றார்.

"விடணும் அத்தை," என்றேன்.